பதினோராம் எண்

துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏறினால்
ஓ.டி. முழுக்கப் படித்துவிடும்.
ஒன்று என்றால் எங்கோ தூரத்தில்.
மூன்று என்றால் கயிற்றை இழுத்துக் கட்டு.
ஏழு என்றால் பிள்ளைகளை எண்ணு.
பள்ளிக்கூடமே பார்க்காத அஞ்சலாட்சி
கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டே சொல்வாள்:
"அஞ்சு ஏத்திட்டான், வண்டியில போவாத."

நான் மாத்திரைக்காரி.
பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
பையில் கையை இறுக்கும் பட்டை, விரல் குத்தும் ஊசி,
சொந்தக் காசில் வாங்கிய பேட்டரி நான்கு.
நான் ஏற்றும் எண்களை
யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நூற்று எண்பது, நூற்றுப் பத்து.
அஞ்சலாட்சியின் புருஷன் தேசிங்கு சிரிக்கிறார்.
"தலை சுத்தல. மயக்கம் இல்ல.
நேத்து ரெண்டு பெட்டி ஐஸு ஒத்தையாத் தூக்கனேன்.
உம் மிஷினுதான் கிறுக்கு."

மஞ்சக்குப்பத்தில் பயிற்சி கொடுத்தார்கள்.
சுவரில் உலகப் படம் விழுந்தது.
பத்துச் சாவில் ஏழு தொற்றா நோயால் என்றார் டாக்டர்.
தொற்றாது என்பதால்
யாரும் யாரையும் விட்டுத் தள்ளி உட்காருவதில்லை.
ஒரே கட்டுப் பீடி சுற்றி வருகிறது,
ஒரே கடையில் நாலு மணிக்கு
பாதி கிளாஸ் டீ, பாதி சர்க்கரை.
படத்தில் எல்லாக் கரையும் சிவப்பாய் இருந்தது.
எங்கள் கரையைத் தேடிக்கொண்டிருந்தபோது
விளக்கைப் போட்டு
ஆளுக்கு இரண்டு சமோசா கொடுத்தார்கள்.

உப்பைக் குறையுங்கள் என்று சொல்ல வேண்டும்.
உப்பு தின்ற விரல் அஞ்சலாட்சிக்கு.
ஒரு சொட்டு ரத்தத்துக்கு மூன்று முறை குத்துகிறேன்.
"உப்பக் கொறைச்சா மீனு அழுவும்.
மீனு அழுவுனா நான் அழுவணும்."
சமையலில் குறை என்றுதான் சொல்ல வந்தேன்.
அவள் சிரிப்பு அடங்குவதற்குள்
அடுத்த வீடு வந்துவிட்டது.

மாத்திரையை தேசிங்கு
கடலுக்குப் போகும் நாளில் போடுவதில்லை.
"ஒண்ணுக்கா இழுக்குது. போட்டுல ஆறு பேரு,
வலை வாங்குற நேரத்துல..."
என் பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் சாய்த்து எழுதி
டாக்டர் கண்ணில் படும்படி மடித்து வைத்தேன்.

ஐப்பசி. மூன்று நாளாகக் கூண்டு இறங்கவில்லை.
படகுகள் உரசிக்கொண்டு நின்றன.
தேசிங்கு வீட்டில் இருந்தார்.
"பதினொண்ணு வரைக்கும் உண்டு, தெரியுமா?"
பத்துக்கு மேல் என்ன புயல் என்றேன்.
"அது புயல் கணக்குல வராது.
சேதி அறுந்துபோச்சுன்னு அர்த்தம்.
ஆபீசுக்கும் நமக்கும் பேச்சில்ல.
என் வயசுக்கு நான் பாத்ததில்ல."

சொல்லிவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தார்.

நாகமுத்து வாசலில் நாற்காலியில் இருந்தார்.
நாற்பத்தாறு வயது.
மாசியில் ஒரு காலை பல் துலக்கும்போது
கையிலிருந்து பிரஷ் நழுவியது, அவ்வளவுதான்.
தண்ணீர் கேட்க வாய் திறந்தால்
நண்டு என்று வருகிறது.
மறுபடி முயல்வார். மறுபடியும் நண்டு.
அவர் மனைவி ஒவ்வொரு முறையும்
தண்ணீர்தான் கொண்டுவருகிறாள்.
அவருடைய மூன்று அட்டைகளும்
அரிசிப் பானைக்குப் பின்னால்
பிரிக்காமல் கிடந்ததை
அப்புறம்தான் பார்த்தோம்.

நாகமுத்து எங்களைப் பார்த்துப்
பாதி முகத்தால் சிரித்தார்.

கேட்காமலே தேசிங்கு கையை நீட்டினார்.
பட்டை உப்பியது, இறங்கியது.
"என்ன நம்பர் ஏத்துற?"
ஏழு என்றேன்.
"கரைக்கு எவ்ளோ தூரம்?"
எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.
வேறு மாத்திரை எழுதியிருக்கிறார்,
இது ஒண்ணுக்கு இழுக்காது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதம் போனேன்.
வெயில். கம்பம் வெறுமனே நின்றது.
தேசிங்கு கடலில்.
"குழம்புக் கருவாட்ட மூணு தண்ணி அலசனேன்,
சப்புன்னு இருக்குன்னு திட்டிட்டுப் போனாரு" என்றபடி
அட்டைகளை என்னிடம் தந்தாள் அஞ்சலாட்சி.
திருப்பிப் பிடித்து
கிழிந்த குழிகளை எண்ணினேன்.
இருபத்து மூன்று காலி.
ஏழு மீதி.